முப்பத்தொன்றாம் ஜாடி

திருடியவர் ஜாடியை விட்டுவிட்டு, உள்ளே இருந்த மூளையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

“நானா இருந்தா ரெண்டையும் தொட்டிருக்க மாட்டேன்,” என்றான் சைரன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. “ஏற்கெனவே ஒண்ணு வெச்சிருக்கேன். அதையே ஒழுங்கா உபயோகிக்கலன்னு வீட்ல தினம் புகார்.”

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. பதினோரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டு அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன் அவன். வண்டியை விட்டவன் சத்தத்தை விடவில்லை. அதனால்தான் அந்தப் பெயர். அவரோ விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளைத் தேடித் தரும் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்த பெண்மணி. ஒரு பெட்டி எங்கே போயிருக்கும் என்று அவர் யோசிப்பதில்லை. அது இல்லாமல் போனதால் யாருக்கு நிம்மதி என்று யோசிப்பார்.

மருத்துவக் கல்லூரியின் இரண்டாவது மாடியில், உடற்கூறியல் துறையின் கோடி அறை அது. சுவரை ஒட்டி ஓர் இரும்பு அலமாரி. அதில் நான்கு வரிசையாக நாற்பத்து நான்கு கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஃபார்மலின் திரவம், அதற்குள் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். இறந்த பிறகு உடலைத் தானமாக எழுதிக் கொடுத்தவர்களின் மூளைகள். ஜன்னல் திறந்திருந்தும் கண் எரிந்தது.

“காலைல எட்டு மணிக்கு வந்து பாத்தேன். முப்பத்தொண்ணுல வெறும் தண்ணிதான் இருந்துச்சு,” என்றார் பேராசிரியர். ஐம்பத்தைந்து வயதிருக்கும் பெண்மணி. வெள்ளைக் கோட்டின் பொத்தானைத் திருகியபடியே பேசினார். “தயவுசெஞ்சு சாயந்திரத்துக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க. போலீசுக்குப் போனா தானம் குடுத்த குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்றது?”

வந்தவர்கள் பதிவேட்டில் துப்பறிவாளர் பெயர் எழுத, கீழே பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் கை அதன் மேல் உரசிச் சென்றது. இடது கைச் சுண்டுவிரல் ஓரமெல்லாம் நீலம்.

“சாயந்திரத்துக்குள்ளன்னு ஏன் அவசரம்?”

பதில் ஜன்னல் பக்கமிருந்து வந்தது. மூளை அறுவை நிபுணர் அங்கே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். “நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு ஆபரேஷன் இருக்கு. அதுக்கு முன்னாடி அந்த முப்பத்தொண்ண நான் கையில எடுத்துப் பாக்கணும்.”

“புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்,” என்றான் சைரன். “நான் மூளையைத் தூக்கிட்டுப் போயிருக்கேன், ஆனா எப்பவும் ஆளோட சேத்துதான்.”

அறுவை நிபுணர் தன் இடது காதுக்கு மேலே விரலை வைத்தார். “முப்பத்தெட்டு வயசுப் பொண்ணு. கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளர். சாட்சி ஒரு மொழியில சொல்றத நீதிபதிக்கு இன்னொரு மொழியில சொல்லணும். அவங்களுக்கு இங்க ஆழத்துல ஒரு கட்டி. மேல இருந்து போனா தூரம் ஜாஸ்தி, கை விளங்காமப் போயிடலாம். கீழ இருந்து போனா கிட்டக்க. ஆனா அந்த வழியில வில்லு மாதிரி வளைஞ்சு ஒரு நரம்பு நார்க் கற்றை ஓடும். காதுல விழுற சொல்லை வாய்க்குக் கொண்டுபோய்ச் சேக்கறது அதுதான். அதுல கத்தி பட்டா, கேட்டது புரியும், வாயும் அசையும். நினைச்ச வார்த்தை மட்டும் வராது. வேற ஏதோ வரும்.”

“அப்ப கீழ போகக்கூடாது.”

“அவங்க ஸ்கேன்ல அந்தக் கற்றையோட கீழ்க்கிளை தெரியல. அதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, கட்டியோட வீக்கம் அதை மறைக்குது. இன்னொண்ணு, நிஜமாவே இல்ல. பிறவியிலேயே அந்தக் கிளை இல்லாத ஆளுங்களும் உலகத்துல உண்டுன்னு இந்தப் பேராசிரியர் மேடம்தான் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு ஆதாரம் முப்பத்தொண்ணு. அதைப் பாத்துட்டா தைரியமா கீழ போயிடுவேன்.”

“கிடைக்கலன்னா?”

“பத்து நாள் தள்ளி வைப்பேன். வேற ஸ்கேன் எடுப்பேன். யோசிப்பேன்.”

“பத்து நாள்ல அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிடுமா?”

“ஆகாது.”

துப்பறிவாளர் தலையாட்டினார். முப்பத்தொன்றாம் ஜாடியின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். மூடி கெட்டியாகப் பொருந்தியிருந்தது. விளிம்பைச் சுற்றிலும் வாஸ்லின், புதிதாக, ஒரே சீராகத் தடவப்பட்டிருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

“திருட வந்த இடத்துல வீட்டைப் பெருக்கி விளக்கேத்திட்டுப் போயிருக்கான்,” என்றான் சைரன்.

“இந்த ரூமுக்கு எத்தனை சாவி?”

“மூணு,” என்றார் பேராசிரியர். “என்கிட்ட ஒண்ணு. டாக்டர் சனிக்கிழமையில இங்க வந்து ஆபரேஷன் பழகுவார், அவர்கிட்ட ஒண்ணு. எங்க டெக்னீஷியன்கிட்ட ஒண்ணு.”

டெக்னீஷியன் கதவோரம் நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய, ஒடிசலான மனிதர். பேச்சு தன் பக்கம் வந்ததும் கையிலிருந்த சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

ஒவ்வொரு ஜாடியின் பக்கவாட்டிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஜாடியிலிருந்து மூளையை வெளியே எடுத்துப் பார்க்கும் எவரும் தேதி எழுத வேண்டுமாம். பன்னிரண்டாம் எண்ணில் இருபது தேதிகள். இருபத்தாறில் இடம் போதாமல் சீட்டின் மேல் சீட்டு. முப்பத்தொன்றின் சீட்டில் ஒரே ஒரு தேதி. பதினேழு வருடம் பழையது.

“ரொம்பப் பிரபலமான ஜாடின்னு சொன்னாங்க,” சைரன் குனிந்து பார்த்தான். “ஆனா ஒருத்தரும் வீட்டுக்குப் போய் எட்டிப் பாக்கல போல.”

“அது... அபூர்வமான மாதிரி. அடிக்கடி தொட்டா கெட்டுடும்,” என்றார் பேராசிரியர். கோட்டுப் பொத்தான் கையோடு வந்துவிட்டது.

துப்பறிவாளர் அலமாரிக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் ஜாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா ஜாடியிலும் கழுத்துக்குக் கீழே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. ஏறக்குறைய எல்லாவற்றிலும் திரவம் அந்தக் கோட்டைத் தொட்டு நின்றது. காலியான முப்பத்தொன்றில்கூடக் கோடு வரை திரவம் ஊற்றியிருந்தது.

“இந்தக் கோடு யார் போட்டது?”

“நான்தாங்க,” என்றார் டெக்னீஷியன். “கோட்டுக்குக் கீழ இறங்கினா துணி காஞ்சிடும். வாரா வாரம் பாத்து ஊத்துவேன்.”

“நல்லா செஞ்சிருக்கீங்க. ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. அதான் மாட்டிக்கிட்டீங்க.” துப்பறிவாளர் எழுந்துபோய்க் கீழ் வரிசையின் மூலையைக் காட்டினார். “சைரன், அந்த நாற்பதாம் நம்பரைப் பாரு.”

நாற்பதாம் ஜாடியில் திரவம் சிவப்புக் கோட்டுக்கு மேலே கட்டைவிரல் அகலம் ஏறியிருந்தது.

“யாரோ நிறைய ஊத்திட்டாங்களோ?”

“நிரம்பின வாளிக்குள்ள நீ உக்காந்தா என்ன ஆகும்?”

சைரன் கையுறை மாட்டி, இடுக்கியால் நாற்பதாம் ஜாடிக்குள் இருந்த பொட்டலத்தைத் தூக்கினான். அதன் அடியில் இன்னொரு பொட்டலம். துணியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 31.

“அக்கா!” என்றான். “பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருக்கு!”

அறுவை நிபுணர் பெருமூச்சு விட்டார். பேராசிரியரின் முகத்தில் வரவேண்டிய நிம்மதி வரவில்லை. துப்பறிவாளர் அதைக் கவனித்தார்.

“இதை எடுத்தவருக்கு இது வேணாம்,” என்றார் அவர். “அழிக்கவும் மனசில்ல. காஞ்சிடக் கூடாதுன்னு தண்ணிக்குள்ளயே வெச்சிருக்கார். அவருக்கு வேண்டியது, இது பத்து நாள் காணாமப் போறது மட்டும்தான். நாளைக்கு அந்த ஆபரேஷன் நடக்கக் கூடாது. ஏன்?”



டெக்னீஷியன் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

“நான்தாங்க எடுத்தேன். அந்தப் பொண்ணுக்கு அந்தக் கிளை இருக்குங்க. முப்பத்தொண்ணுக்கும் இருந்துச்சு.”

“என்ன உளர்றீங்க?” அறுவை நிபுணரின் குரல் உயர்ந்தது.

“மூளையை ஃபார்மலின்ல ஊறப்போட்டு, ஒரு வாரத்துக்கு மேல ஃப்ரீசர்ல வைப்போம். உள்ள ஐஸ் கட்டும்போது நார்களுக்கு நடுவுல சின்னச் சின்ன இடைவெளி விழும். அப்புறம் எடுத்து, மெல்லிசா சீவின மரக்குச்சியால ஒவ்வொரு நாராப் பிரிக்கணும். ஊறின கயித்தைப் புரி புரியாப் பிரிக்கற மாதிரி. கொஞ்சம் கை தப்பினா நார் பிஞ்சு வந்துடும். முப்பத்தொண்ணைப் பிரிக்கறப்ப...” அவர் நிறுத்தினார். “என் கை தப்பிடுச்சு. கீழ்க்கிளை பிஞ்சு வந்துடுச்சு. நான் சொல்லல. கிளையே இல்லைன்னு மேடம் நினைச்சுட்டாங்க. அப்படியே எழுதிட்டாங்க.”



“இப்ப எதுக்குச் சொல்றீங்க?” என்று கேட்டார் அறுவை நிபுணர்.

“நேத்து நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. ‘முப்பத்தொண்ணு இருக்கு, தைரியமாப் போகலாம்’னு சொன்னீங்க. வீட்டுக்குப் போய் சோத்துல கை வெக்க முடியல. வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். பதினேழு வருஷம் சொல்லாதவன் இன்னைக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் ஒளிச்சு வெச்சேன்.”

சைரன் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டான்.

துப்பறிவாளர் மேசைமேல் துணியை விரித்தார். பாதி மூளை, வெளிர் பழுப்பு நிறத்தில், நார் நாராகப் பிரிக்கப்பட்டு, பார்க்க ஒரு வளைந்த விசிறியைப் போல இருந்தது. விசிறியின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு வெற்றிடம். லென்ஸை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“ஒரு குச்சியை எடுங்க,” என்றார் டெக்னீஷியனிடம். “இதைத் தொட வேணாம். காத்துல காட்டுங்க. எப்படிப் பிரிப்பீங்க?”

டெக்னீஷியன் தட்டிலிருந்து மரக்குச்சியை வலது கையில் எடுத்தார். மூளையின் மேலே காற்றில் இழுத்துக் காட்டினார். குச்சி இடமிருந்து வலமாகத் தன் பக்கம் சரிந்து வந்தது.

“டாக்டர், வந்து பாருங்க. இங்க குச்சி சறுக்கின தடம் இருக்கு. எந்தப் பக்கம் சரியுது?”

அறுவை நிபுணர் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. “எதிர்ப்பக்கம்,” என்றார்.

“இவர் கை தப்பியிருந்தா தடம் இவர் காட்டின பக்கம் போயிருக்கும். இது இடது கைக்காரர் குச்சி.”

அறையில் எல்லோருடைய பார்வையும் போன இடத்துக்கே பேராசிரியரின் பார்வையும் போனது. சுண்டுவிரல் ஓரத்தில் நீல மை படிந்த தன் இடது கையை, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல அவர் பார்த்தார்.

“மேடம், விட்டுடுங்க,” என்றார் டெக்னீஷியன் அவசரமாக. “நான்தான்னு எழுதிக்கலாம். எனக்கு ஒண்ணும் போயிடாது.”

“நீங்க பாத்தீங்களா?” என்று பேராசிரியர் கேட்டார்.

“சாயந்திரம் தட்டைக் கழுவறப்ப ஒரு சின்ன நார்த் துண்டு மிதந்துச்சுங்க. விரல்ல பாதி நீளம். நான் வேலையில சேந்து மூணாவது மாசம். நீங்க மூணு வருஷம் ஒண்ணும் கிடைக்காம இருந்து அன்னைக்குத்தான் சிரிச்சீங்க. எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிட்டு வரச் சொன்னீங்க. நானே போய் வாங்கிட்டு வந்தேன். கழுவின தண்ணியைத் தொட்டியில ஊத்திட்டேன்.”

பேராசிரியர் உட்கார்ந்தார். “எனக்குத் தெரியாதுன்னு சொல்லணும்னு ஆசையா இருக்கு,” என்றார். “ஆனா தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? அதுக்கப்புறம் பதிமூணு மூளையைப் பிரிச்சேன். எல்லாத்துலயும் அந்தக் கிளை இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் முப்பத்தொண்ணு ஞாபகம் வரும். ‘அபூர்வம்’னு எழுதினேன். அந்த வார்த்தை ரொம்ப சௌகரியமா இருந்துச்சு. ஒரு தடவை முப்பத்தொண்ணைத் திறந்து லென்ஸ் வெச்சுப் பாத்திருந்தாப் போதும். பத்து நிமிஷ வேலை. பதினேழு வருஷமா அந்தப் பத்து நிமிஷத்துக்கு நான் நேரம் ஒதுக்கல.”

“அதைத்தான் அந்தச் சீட்டு சொல்லுது,” என்றார் துப்பறிவாளர்.

“எங்களை ஏன் கூப்பிட்டோம்னு இப்ப வருத்தமா இருக்கா மேடம்?” என்று சைரன் கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை.

“இல்ல. காலைல ஜாடி காலின்னு பாத்தப்ப ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அது தொலைஞ்சா எல்லாம் தொலைஞ்சதுன்னு. அந்த ஒரு நிமிஷத்துக்கு பயந்துதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

அறுவை நிபுணர் தொலைபேசியை எடுத்தார். அறுவை அரங்கத்துக்குப் பேசினார். “நாளைக்கு பேஷண்டை முழுசா மயக்க வேணாம். முழிச்சிருக்கணும். பேசிட்டே இருக்கணும். ஆமா, படங்கள் ரெடி பண்ணுங்க.”

மறுநாள் பேராசிரியர் அரங்கத்துக்குள், சுவரோரமாக, முகமூடியும் தொப்பியுமாக நின்றார். தானே கேட்டுக்கொண்டு வந்திருந்தார். பச்சைத் துணிகளுக்கு நடுவே அந்தப் பெண்ணின் முகம் மட்டும் தெரிந்தது. வலி தெரியாமல் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். எதிரே ஒரு நர்ஸ் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

“குடை,” என்றாள் அந்தப் பெண். “நாற்காலி. ஆமை. இந்த ஆமையை வரைஞ்சவருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க.”

திரைக்கு இந்தப் பக்கம் அறுவை நிபுணர் மெல்லிய மின்சாரம் ஓடும் ஒரு கம்பியால் ஓரிடத்தைத் தொட்டார். சிலருக்கு அங்கே எதுவுமில்லை என்று பேராசிரியரின் கட்டுரை பதினேழு வருடமாகச் சொல்லிவந்த இடம்.

நர்ஸ் அடுத்த படத்தைக் காட்டினாள். சீப்பு.

“இது வந்து... கூப்பு. சூப்...” பெண்ணின் கண்கள் அகன்றன. “தலைக்கு... சாப்பு...”

கம்பி விலகியது.

“சீப்பு!” என்றாள். “என்ன ஆச்சு எனக்கு? சீப்பு, சீப்பு.”

அறுவை நிபுணர் திரும்பிப் பேராசிரியரைப் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும். “இருக்கு,” என்றார்.

அவர் மேல்வழியாகவே போனார். ஆறு மணி நேரம் ஆனது. கட்டி வெளியே வந்தது. அந்தப் பெண்ணின் வலது கை ஒரு வாரம் தளர்ந்திருந்து, பிறகு திரும்பியது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வார்டில் இருந்த இரண்டு நோயாளிகளுக்கு நடுவே அவள் மொழிபெயர்த்துச் சண்டையை மூட்டிவிட்டதாக நர்ஸ்கள் சொன்னார்கள்.

தன் ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைப் பேராசிரியர் அறுவை நடந்த அன்று மாலையே எழுதினார். தப்பிய கை தன்னுடையது, சந்தேகம் வந்தும் திறந்து பார்க்காமல் விட்டது தன் தவறு என்று இரண்டு வாக்கியம். டெக்னீஷியன் அடியில் தானும் கையெழுத்துப் போடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். போட்டார்.

மூன்றாம் நாள் பேராசிரியர் துப்பறிவாளரின் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு தாளை மேசைமேல் வைத்தார்.

“டாக்டர் பழைய ஃபைலையெல்லாம் புரட்டிட்டார். என் கட்டுரையை நம்பி நாலு பேருக்குக் கீழ்வழியாப் போயிருக்கார். மூணு பேருக்கு ஒண்ணும் ஆகல. எப்படின்னு அவருக்கே தெரியல. நாலாவது ஆளுக்கு, நாலு வருஷம் முன்னாடி, பேச்சு தடுமாறிப் போச்சு. அப்ப கட்டிதான் காரணம்னு எல்லாரும் நினைச்சிருக்காங்க. வீடு மாறிப் போயிட்டாங்க. கண்டுபிடிச்சுத் தர முடியுமா?”

“என்ன தொழில் பண்ணினார்?”

“ஏலம் விடறவர். பழைய மரச்சாமான் ஏலம்.”

சைரன் தொலைபேசி எண்களைத் தேட ஆரம்பித்தான். மதியத்துக்குள் முகவரி கிடைத்தது.

மூவரும் காரில் போனார்கள். பேராசிரியர் ஒரு காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்.

மூன்றாவது மாடி. அழைப்பு மணி வேலை செய்யவில்லை. கதவைத் தட்டினார்கள். ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி ஒரு பெண் திறந்தாள்.

“யாருங்க?”

“நான்... டாக்டர் இல்லம்மா,” என்றார் பேராசிரியர். “டாக்டருக்கு வழி சொன்னவ. தப்பான வழி.”

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பேராசிரியர் காகிதத்தைப் பிரித்தார். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. படிக்க முடியவில்லை.

“என் கணவரைப் பாக்க வந்தீங்களா?” என்றாள் அவள், துப்பறிவாளரைப் பார்த்து. “நாலு வருஷமா யாருமே வர்றதில்ல. பேச வராதுன்னு தெரிஞ்சதும் நின்னுட்டாங்க.”

உள்ளேயிருந்து அவர் வந்தார். உயரமான ஆள். கூட்டத்துக்கு முன்னால் நின்று பழகிய நிமிர்வு இன்னும் தோளில் இருந்தது. வாசலில் மூன்று பேரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கையை நீட்டி உள்பக்கமாக அசைத்தார்.

“போங்க,” என்றார். “போங்க, போங்க.”

பேராசிரியர் ஓரடி பின்னால் வைத்தார்.

“ஐயோ, வாங்கன்னுதாங்க சொல்றார்,” என்றாள் மனைவி பதறி. “அவருக்கு அப்படித்தான் வருது. தப்பா நினைக்காதீங்க. உள்ள வாங்க.”

அவர் அதற்குள் நாற்காலியில் கிடந்த துணிகளை வாரி எடுத்து, இருக்கையைத் துண்டால் தட்டி, பேராசிரியருக்கு நேராகத் திருப்பிப் போட்டார். சிரித்துக்கொண்டே மறுபடியும் சொன்னார்.

“போங்க.”

பேராசிரியர் உள்ளே போய் உட்கார்ந்தார்.